"சாப்பிட்ட பின்": மூன்று மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம் - ஒரு நிகழ்வு ஆய்வு

மாத்திரைக் கவரின் மேல் "காலை 1, சாப்பிட்ட பின்" என்று எழுதியிருந்தது. எங்கள் மருந்தகத்தில் ஏறக்குறைய எல்லாக் கவரிலும் அப்படித்தான் எழுதுவோம். எழுதுகிறவரும் யோசிப்பதில்லை, மருந்துச் சீட்டு தருகிற நானும் யோசித்ததில்லை. அந்தக் குறிப்பை ஓர் அம்மா அப்படியே கடைப்பிடித்தார். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயாளி

வயது 52. அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. மாதத்தின் முதல் தேதியில் சம்பளம். வீட்டில் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகளுக்கு வேலை கிடைக்கிற மாதமும் உண்டு, கிடைக்காத மாதமும் உண்டு. ஆறு வருடமாக இவருக்கு ரத்த அழுத்தம். சர்க்கரை நோய் இல்லை. புகையிலை, மது எதுவும் கிடையாது. அவருடைய அம்மா பக்கவாதத்தில் இறந்தவர். அதனால் இந்த நோயை இவர் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. உடல் நிறை குறியீடு 31, அதாவது உடல் பருமன் உள்ளவர். பின்னால் இந்த எண்ணுக்குத் திரும்பி வருகிறேன்.

எங்களிடம் முதலில் வந்தபோது அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுத்தம் 158/96. டெல்மிசார்ட்டன் 40 சேர்த்தேன். அடுத்த மாதம் 164/98. டெல்மிசார்ட்டனை 80 ஆக்கினேன். அதற்கடுத்து 160/100, சிறுநீரைக் கூட்டும் மருந்தான குளோர்தாலிடோன் 12.5 சேர்ந்தது. பிறகு 168/102, அம்லோடிபின் 10 ஆனது. பிறகு 166/100, குளோர்தாலிடோன் 25 ஆனது. ஆறாவது வருகையில் மறுபடியும் 168/102.

அளந்த விதத்தில் குறை இல்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை மேசையில் தாங்கலாக வைத்து, கைக்குப் பொருத்தமான பட்டையைக் கட்டி, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை அளந்தோம். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்று கேட்டோம், ஏனென்றால் பல வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றிவிடும். இல்லை என்றார். தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் திணறல் உண்டா என்று மகளிடம் கேட்டோம். அதுவும் இல்லை.

சிறுநீரைக் கூட்டும் மருந்து உட்பட மூன்று வகை மருந்துகளை முழு அளவில் கொடுத்தும் அழுத்தம் இறங்காவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத உயர் ரத்த அழுத்தம் என்போம். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன், மாத்திரை உள்ளே போகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

கேஸ் ஷீட்டில் ஆறு வருகையிலும் ஒரே வரி இருக்கிறது: "உப்பைக் குறைக்கவும், பழம், காய்கறி, கீரை அதிகம் சேர்க்கவும் அறிவுறுத்தப்பட்டது." ஆறாவது தடவை அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையோ?" கேள்விக்குறி போட்டிருந்தாலும் அது குற்றச்சாட்டுதான். இன்றைக்கு அந்த வரியைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

விழுந்த நாள்

அடுத்த மாதம் 9ஆம் தேதி காலை, வேலைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்துவிட்டார். நெற்றியில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம், எலும்பு முறியவில்லை. படுத்திருந்தபோது அழுத்தம் 114/70. எழுந்து நிற்கவைத்து இரண்டாவது நிமிடத்தில் அளந்தபோது 88/56. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. இவருக்கு 26 இறங்கியிருந்தது.

சர்க்கரை 86. காய்ச்சல் இல்லை. இசிஜியில் புதிதாக எதுவும் இல்லை, இடது இதய அறை கொஞ்சம் தடித்திருப்பதற்கான அறிகுறி மட்டும் இருந்தது. ஹீமோகுளோபின் 10.1. சோடியம் 131, பொட்டாசியம் 3.1; இரண்டுமே குறைவு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் முன்பு 0.9 ஆக இருந்தது, இப்போது 1.2 ஆகியிருந்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் 168/102 இருந்தவர். மருந்தில் ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை. உள்ளே ரத்தக் கசிவு, தொற்று, இதயக் கோளாறு எதற்கும் அறிகுறி இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே விளக்கம்: அன்றைக்கு உடலில் மருந்து இல்லை, இன்றைக்கு இருக்கிறது.

இதை வெளியே கொண்டுவந்தது நான் இல்லை, எங்கள் சிஸ்டர். அந்த அம்மா எப்போதும் ஒரு துணிப்பையோடுதான் வருவார். சிஸ்டர் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தப் பையை மேசைமேல் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் வந்து விழுந்தன. முதலாவது அட்டையில் பத்துக் குழியும் காலி, வரிசை பிசகாமல் பிரித்திருந்தார். இரண்டாவதில் ஐந்து காலி, அப்புறம் ஒன்று விட்டு ஒன்று. மூன்றாவதில் ஓரத்தில் மூன்று மட்டும் பிரித்திருந்தது. மூன்று மருந்துக்கும் இதே கணக்கு. ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தார். கவனக்குறைவானவர் யாரும் இப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

"இதெல்லாம் ஏம்மா மிச்சம் இருக்கு?"

"அன்னைக்கெல்லாம் சாப்பிடலைங்க சிஸ்டர்."

"அதான், ஏன் சாப்பிடலை?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "சோறு சாப்பிடலைங்க. அதனால மாத்திரையும் போடலை. கவர்லயே சாப்பிட்ட பின்னாடின்னு எழுதியிருக்குல்ல?"

நம் மொழியில் சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். ஆறு மாதமாக நான் "ஒழுங்கா சாப்பிடறீங்களா" என்று மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு "இல்லைங்க, சாப்பிடறதுக்கு இல்லை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"வீட்டுல சமைக்கவே இல்லையா?"

"பசங்களுக்கு இருந்துச்சு."

அவருடைய மாதம்

அப்புறம் சிஸ்டர் இரண்டு கேள்வி கேட்டார். கடந்த 12 மாதத்தில், கையில் மறுபடி பணம் வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டது உண்டா? வாங்கி வைத்த உணவு தீர்ந்துபோய், மேலும் வாங்கப் பணமில்லாமல் இருந்தது உண்டா? அடிக்கடியா, எப்போதாவதா, இல்லவே இல்லையா? இந்த இரண்டு கேள்விகளும் அமெரிக்காவில் 18 கேள்விகள் கொண்ட பெரிய படிவம் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 2010இல் சோதித்து வெளியிடப்பட்டவை. கேட்டு முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. இரண்டுக்கும் அவர் சொன்ன பதில் "அடிக்கடி".

அவருடைய மாதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். சம்பளம் வந்த முதல் இரண்டு வாரம் வீட்டில் எல்லாரும் மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். இவரும் தினம் மாத்திரை போடுகிறார். 15ஆம் தேதிக்கு மேல் இவருடைய காலை உணவு நின்றுவிடும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவார். மதியம் ஏதாவது கிடைத்தால் உண்டு. கவரில் காலை என்று எழுதியிருப்பதால், மதியம் சாப்பிட்டாலும் அன்றைய மாத்திரையைப் போடலாமா கூடாதா என்ற குழப்பம். ஒன்றிரண்டு தடவை வெறும் வயிற்றில் போட்டுப் பார்த்திருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதோடு விட்டுவிட்டார். 20ஆம் தேதிக்கு மேல் பொட்டலத்தில் வரும் உடனடி நூடுல்ஸ், பிஸ்கட், சர்க்கரை நிறையப் போட்ட டீ என்று ஓடும். காய்கறி, பழம், பருப்பு எதுவும் அந்த நாட்களில் அவர் தட்டுக்கு வருவதில்லை. இருப்பது பிள்ளைகளுக்கு.

இப்போது எங்கள் காலண்டரைப் பாருங்கள். அவர் முதலில் வந்தது ஒரு 27ஆம் தேதி. முப்பது நாள் மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அடுத்த வருகை மறுபடி 27 வாக்கில். அதற்கடுத்ததும் அப்படியே. ஆறு அளவையும் நாங்கள் எடுத்தது அவர் வீட்டில் உணவும், அதோடு சேர்ந்து மருந்தும் நின்றுபோயிருந்த வாரத்தில். அந்த எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தை ஏற்றினேன். ஏற்றிய மருந்து முழுவதும் உடலுக்குள் போனது, சாப்பாடு இருந்த முதல் வாரங்களில். அதுவும் குளோர்தாலிடோன் ஏற்கெனவே 25 ஆகியிருந்தது. ஒன்பது நாள் விடாமல் போட்டதில் அழுத்தம் தரைக்கு வந்துவிட்டது.

அவருடைய அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் இல்லை. மருந்து போன நாட்களில் அளவுக்கு மீறியே அடங்கியது.

ஏன் நான் பார்க்கவில்லை

உடல் நிறை குறியீடு 31 என்றேன். நேர்மையாகச் சொல்கிறேன்: அந்த உடம்பைப் பார்த்துவிட்டு, இவர் பட்டினி கிடக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பசி என்றால் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்ற படம் மருத்துவர்களின் மனதிலும் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உணவுப் பாதுகாப்பின்மையும் (போதிய, சத்தான உணவு எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலை) உடல் பருமனும், முக்கியமாகப் பெண்களிடம், சேர்ந்தே காணப்படுவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மலிவாக வயிற்றை நிரப்புவது மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். பத்து நாள் பட்டினி கிடந்துவிட்டு, கையில் காசு வந்ததும் உடம்பு கேட்கிறபடி சாப்பிடுவதும் சேர்ந்தால் எடை ஏறும்.

உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கு 1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு தந்த வரையறையில் "எல்லா மனிதர்களுக்கும், எல்லா நேரத்திலும்" என்று வருகிறது. இந்த "எல்லா நேரத்திலும்" என்பதுதான் எங்கள் நோயாளியைப் பொறுத்தவரை உயிரான சொல். அவருக்கு உணவே இல்லாமல் இல்லை. மாதத்தின் பாதியில் இருக்கிறது, பாதியில் இல்லை. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு பயன்படுத்தும் எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோலும் எடையையோ கலோரியையோ அளப்பதில்லை. கவலையில் தொடங்கி, ஒரே மாதிரி உணவு, வேளையைத் தவிர்ப்பது, நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது என்று படிப்படியாகக் கேட்கிறது. அந்தக் கணக்குப்படி 2024இல் உலகில் சுமார் 230 கோடிப் பேர் மிதமான அல்லது கடுமையான உணவுப் பாதுகாப்பின்மையில் இருந்தார்கள். இன்னொரு பக்கம், உயர் ரத்த அழுத்தம் பற்றிய தனது முதல் உலக அறிக்கையை 2023இல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவனம், 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 130 கோடிப் பேருக்கு அது இருப்பதாகவும், ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருப்பதாகவும் சொன்னது. இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் மருந்து எழுதுகிறோம்.

உடலுக்குள் நடப்பது

மருந்தை விட்டதால் மட்டும் அழுத்தம் ஏறவில்லை என்று நினைக்கிறேன். அம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் 15ஆம் தேதிக்கு மேல் விட்டு விட்டு, 20க்கு மேல் அநேகமாக நின்றே போனால், 27ஆம் தேதி உடலில் பெரிதாக எதுவும் மிச்சம் இருக்காது. அதே நாட்களில் உணவும் அழுத்தத்தை ஏற்றும் உணவாக மாறியிருந்தது.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது சோடியம் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உடனடி நூடுல்ஸ் ஒரு பொட்டலத்தில் அதில் பாதியோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம். கெடாமல் நாளாக இருக்கும் மலிவான உணவில் உப்பு அதிகம் இருக்கும். பொட்டாசியம் நிறைய இருப்பதோ கெட்டுப்போகிற உணவில், அதாவது கீரையிலும் பழத்திலும் காய்கறியிலும். குளிர்பதனப் பெட்டி இல்லாத, நாளைக்குக் காசு இருக்குமா என்று தெரியாத ஒரு வீட்டில் எதை வாங்கி வைப்பார்கள்?

பொட்டாசியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயாளியின் கதையே அதில் இருக்கிறது. உணவில் பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கப் பார்க்கும். அந்த முயற்சியில் அதன் நுண்குழாய்களின் கடைப்பகுதியில் சோடியத்தையும் குளோரைடையும் உள்ளே இழுக்கும் கடத்தி ஒன்று முடுக்கிவிடப்படுகிறது. உப்பும் அதோடு நீரும் உடலில் தங்கும், அழுத்தம் ஏறும். குளோர்தாலிடோன் போன்ற மருந்துகள் அடைப்பது இதே கடத்தியைத்தான். அதாவது, தட்டில் கீரையும் பழமும் இல்லாததால் உடல் திறந்துவிட்ட கதவை, நான் மாத்திரையால் மூடப் பார்த்தேன். அந்த மாத்திரையோ இன்னும் கொஞ்சம் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ரத்தத்தில் 3.1 வந்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம் என்பது என் கணிப்பு. அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுந்தாலும் இப்படி வரும் என்பதால், பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகு அதற்கான ரத்தப் பரிசோதனையும் செய்தோம். இயல்பாகவே இருந்தது.

இதோடு, நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று விடிய விடிய விழித்திருக்கும் கவலை. அந்தக் கவலை இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முறுக்கேற்றும் நரம்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பும், தூக்கம் கெடும், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும். இந்தப் பங்கு எவ்வளவு என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

"பழம், காய்கறி, கீரை சேருங்கள்" என்று ஆறு தடவை சொன்னேன் அல்லவா, அந்த அறிவுரையின் பெரிய ஆதாரங்களில் ஒன்று 1997இல் வெளிவந்த டேஷ் ஆய்வு. 459 பேர் கலந்துகொண்டார்கள். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவைச் சாப்பிட்டவர்களில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, வழக்கமான உணவைச் சாப்பிட்டவர்களைவிட மேல் எண் 11.4, கீழ் எண் 5.5 கூடுதலாக இறங்கியது. ஒரு மருந்து செய்கிற வேலை அது. ஆனால் அந்த ஆய்வில் சாப்பாட்டை ஆய்வுக்குழுவே சமைத்துக் கொடுத்தது. நாம் அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிட்டோம்.

செய்த மாற்றங்கள்

முதல் வேலை, மருந்தைக் குறைத்தது. குளோர்தாலிடோனை நிறுத்தினோம். அம்லோடிபின் 5, டெல்மிசார்ட்டன் 40 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றினோம். நான்காவது மருந்து சேர்க்கும் யோசனையைக் கைவிட்டேன். அன்றைக்கு அவசரப்பட்டு குளோனிடின் போன்ற ஒன்றை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறிப் பாயும் மருந்து அது.

இரண்டாவது, கவர். ரத்த அழுத்தத்துக்கு அதிகம் எழுதப்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு உணவோடு சம்பந்தமே இல்லை. அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாபிரில் எல்லாவற்றையும் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். கார்விடிலாலை உணவோடு எடுப்பது நல்லது, தலைசுற்றல் குறையும். கேப்டோபிரிலை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினுக்கும் வலி மாத்திரைக்கும் பொருந்துகிற "சாப்பிட்ட பின்" என்ற பழக்கம் எல்லா மருந்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய கவரில் இப்போது இப்படி எழுதியிருக்கிறோம்: "காலையில் பல் துலக்கியதும் 1. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போடலாம்." சிஸ்டர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

வெறும் வயிற்றில் போட்டபோது கண் இருட்டியதே, அது? அதை மறுக்கவில்லை, அவர் உடம்பு சொன்னது உண்மை. சாப்பிடாமல் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருக்கும் நாளில் குளோர்தாலிடோன் 25 போட்டால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் அதை நிறுத்தினோம் என்று விளக்கினோம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னோம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அன்றைக்கு மாத்திரை போடாமல் எங்களுக்கு ஃபோன் செய்யச் சொன்னோம்.

மூன்றாவது, தேதி. இனிமேல் ஒரு மாதம் 7ஆம் தேதி வாக்கில் வருகை, அடுத்த மாதம் 24 வாக்கில். வீட்டில் அளக்க நான்கு வாரத்துக்கு ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினோம்.

நான்காவது, உணவு. இது எங்கள் கையில் முழுதாக இல்லாத விஷயம். எங்கள் சமூகப் பணியாளர் அவருக்கு எந்த உணவு உதவிக்குத் தகுதி இருக்கிறது என்று பார்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். கூடவே போய் நின்றார். கூடப் போனதுதான் முக்கியம். தாளைக் கையில் கொடுத்து "அங்கே போய்க் கேளுங்கள்" என்றால் கூச்சத்தில் பாதிப் பேர் போக மாட்டார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து உதவி கிடைக்கத் தொடங்கியது. மாதம் முழுதும் போதவில்லை. ஆனால் 20ஆம் தேதிக்கு மேல் அவர் தட்டிலும் பருப்பும் கொஞ்சம் காய்கறியும் வந்தன.

உப்பு பற்றியும் பேச்சை மாற்றினோம். "நூடுல்ஸ் சாப்பிடாதீங்க" என்று சொல்லவில்லை, அந்த வாரத்தில் அதுதான் இருக்கிறது. மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போடச் சொன்னோம். பொட்டாசியம் கலந்த உப்புக்கு நல்ல ஆதாரம் உண்டு: சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவருக்கு, கிரியேட்டினின் ஏறியிருக்கும் நேரத்தில், அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறிவிடலாம்.

பிறகு

இரண்டு வாரத்தில் சோடியம் 137, பொட்டாசியம் 4.1, கிரியேட்டினின் 0.9. நிற்கும்போது அழுத்தம் இறங்குவது நின்றுவிட்டது. மூன்று மாத முடிவில், மாதத்தின் முதல் வாரத்தில் 130/80, கடைசி வாரத்தில் 142/88. ஆறு மாதத்தில் 128/78, 134/82. ஆறு மாதத்துக்கு முன்னால் மூன்று மருந்தில் கிடைக்காத எண், பாதி மருந்தில்.

நடுவில் ஒரு மாதம் சம்பளம் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த மாதம் 156/94. மாத்திரை ஒன்றுகூட விடவில்லை, அட்டையைக் காட்டினார். உணவு மட்டும் குறைந்திருந்தது. மாத்திரையின் பங்கையும் உணவின் பங்கையும் எங்களால் பிரிக்க முடியாத இந்த ஆய்வில், கொஞ்சமாவது பிரித்துக் காட்டியது அந்த ஒரு அளவுதான். ஒரே ஒரு அளவு என்பதால் அதன்மேல் அதிகம் கட்ட மாட்டேன்.

ஒரு நோயாளியை வைத்து உலகத்துக்கு விதி சொல்ல முடியாது. ஆனால் இவர் தனி ஆள் இல்லை என்பதற்குப் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுப் பாதுகாப்பு இல்லாதவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014இல் வந்த இன்னொன்று, நாள்பட்ட நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உணவுக்கோ மருந்துக்கோ இரண்டுக்குமோ காசில்லாமல் திண்டாடுவதைக் காட்டியது. அதே ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது: வருமானம் குறைந்தவர்கள் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேருவது, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். நோய் வேறு, காலண்டர் அதே காலண்டர்.

நேரடியாக அளந்த அழுத்தத்தை வைத்துப் பார்த்த சில ஆய்வுகளில் இந்தத் தொடர்பு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு காரணம் எந்த நாளில் அளந்தார்கள் என்பதாக இருக்கலாமோ என்பது என் சந்தேகம். எங்கள் நோயாளியை 9ஆம் தேதி மட்டும் பார்த்த ஒருவர் இவருக்கு நோயே இல்லை என்று எழுதியிருப்பார். உணவு கொடுத்தால் அழுத்தம் குறையுமா என்பதற்கும் முடிந்த முடிவு இன்னும் இல்லை. காய்கறி, பழம் வாங்க உதவும் திட்டங்களை அமெரிக்காவில் 22 இடங்களில் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டதில், உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு மேல் எண் சுமார் 8 இறங்கியிருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவி பெறாத குழு அதில் இல்லை.

எங்கள் பக்கம் மாறியது சின்ன விஷயங்கள். அளவு இறங்காத எவருக்கும் மருந்தை ஏற்றுவதற்கு முன், அந்த இரண்டு கேள்வியையும் தனியாக உட்காரவைத்துக் கேட்கிறோம். "மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு" என்று கேட்கிறோம். "ஒழுங்கா சாப்பிடறீங்களா" என்று கேட்பதில்லை. கேஸ் ஷீட்டில் அளவுக்குப் பக்கத்தில் கடைசியாகச் சம்பளம் வந்த தேதியை எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.

அந்த அம்மாவின் கேஸ் ஷீட்டில் "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையோ" என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்து, தேதியும் கையெழுத்தும் வைத்து, பக்கத்தில் "உணவு இல்லாத நாட்களில் மருந்து எடுக்கவில்லை, தவறு எங்கள் குறிப்பில்" என்று எழுதினேன். அவருடைய அடுத்த வருகை 24ஆம் தேதி, காலை பத்து மணிக்கு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் வரச் சொல்லியிருக்கிறோம்.